மூடி இறுக்கிய பாட்டில்கள் வடக்கே போன கதை

போன மாதம் ஒரு காலையில் கம்பைநல்லூரில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் வீடியோ அழைப்பு வந்தது. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கடல் ஆய்வுக்கூடத்திலிருந்து ரேவதி. நான் வெளியே வந்த பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். கையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பந்தைத் தூக்கிக் காட்டினார். ஆற்று வழியாகக் கடலுக்குப் போகிற பிளாஸ்டிக் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பதற்கான புதிய மிதவை அது. உள்ளே செயற்கைக்கோளோடு பேசுகிற கருவி. பந்துக்குக் கீழே துணியில் தைத்த நீளமான குழாய் ஒன்று தொங்கியது.

"இந்தப் பாவாடை எதுக்குன்னு புதுசா வந்தவங்க கேக்குறாங்க சார். நீங்க சொன்னா நல்லாயிருக்கும்" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த மொச்சை வாசலெல்லாம் உருண்டது. அந்தப் பாவாடை இல்லாமல் நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்! ரேவதிக்குப் பத்து நிமிடம் சொன்னேன். பத்து நிமிடத்தில் அடங்குகிற விஷயமா அது? மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் குடும்பம் தக்காளி போடுகிற குடும்பம். தர்மபுரியில் வேதியியல் படித்துவிட்டு, விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போட்டு, கள உதவியாளர் வேலைக்குக் கடற்கரைக்குப் போனேன். மழையே ஆடிக்கொருமுறை அமாவாசைக்கொருமுறை எட்டிப் பார்க்கிற ஊர்க்காரனுக்குக் கடலில் வேலை! முதல் நாள் படகில் ஏறி, காலையில் தின்ற இட்லியையும் முந்தின நாள் தின்ற சோற்றையும் கடலுக்கே கொடுத்துவிட்டு வந்தேன். வாந்தி நிற்க ஒரு வருடம் ஆயிற்று. நீச்சல் மட்டும் கடைசிவரை வரவில்லை. தண்ணீர் மாதிரி எடுப்பது, மண் சலிப்பது, கருவிகளைக் கழுவிக் காயவைப்பது என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடிப்போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கௌசல்யா மேடம் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்த பிறகுதான் எனக்கு வேலை என்றால் என்னவென்றே தெரிந்தது.

மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார். "எதை வெச்சுச் சொல்றீங்க?" அவ்வளவுதான். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் எனக்கு எரிச்சலாக வரும். இருபது வருடம் குப்பை கொட்டியவனைப் பார்த்து எதை வைத்துச் சொல்கிறாய் என்றால் கோபம் வராதா? கொஞ்ச நாளில், எதையாவது சொல்ல வாயைத் திறக்கும்போதே அந்தக் கேள்வி எனக்குள் கேட்க ஆரம்பித்துவிட்டது.

குறிப்பேட்டில் 'குப்பை' என்ற வார்த்தையை எழுத விடமாட்டார். கடற்கரையில் நூறு மீட்டர் நீளத்துக்குக் கயிறு பிடிப்போம். அலை தொடுகிற இடத்திலிருந்து செடி முளைத்த இடம்வரை, விரல் நகத்தளவுக்கு மேலே எது கிடந்தாலும் பொறுக்க வேண்டும். பொறுக்கியதைத் தார்ப்பாயில் கொட்டி, வகை பிரித்து, எண்ணி, எடை போட்டு எழுத வேண்டும். 'பால் கவர், மூலை வெட்டியது.' 'ஷாம்பு பாக்கெட்.' 'செருப்பு, இடது கால்.' ஒருமுறை 'இதர பொருட்கள் நாற்பது' என்று எழுதி நைசாக நீட்டினேன். மேடம் அதைப் படித்தார். கட்டியிருந்த மூட்டையைத் திரும்பவும் தார்ப்பாயில் கவிழ்த்துவிட்டு, தானும் மண்டி போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்து நாற்பதுக்கும் பெயர் வைத்தோம். எண்ணி முடிக்கும்வரை டீ கிடையாது.

நான் ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போது அந்த வேலை வந்தது. தென்பெண்ணை கடலில் கலக்கிற முகத்துவாரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன மீனவக் குப்பம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே கரைவலைதான் பிழைப்பு. வலையைக் கடலுக்குள் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் கரையில் நின்று கயிற்றைப் பிடித்து இழுக்கிற வலை. அதற்குக் கல்லும் பாறையும் இல்லாத சமமான மணல் கரை வேண்டும். அந்தக் கரையில்தான் பூங்கா கட்ட ஒரு திட்டம் வந்தது. "மழைக்காலமானால் கரை முழுக்க பிளாஸ்டிக். இந்த ஊர்க்காரர்களே போடுகிறார்கள். இவர்கள் வலை இழுக்கிற இடத்தைத் தெற்கே தள்ளி மாற்றிவிடலாம்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. தெற்கே தள்ளிப் போனால் கருங்கல் கொட்டிய தடுப்புச் சுவர். அங்கே வலை விட்டால் வலை கிழியும். கரைவலைக்கு அங்கே வேலையே இல்லை. ஆக, கரை போனால் பிழைப்பு போச்சு.

ஊர்க்காரர்கள் கத்தினார்கள். ஆறுதான் கொண்டுவந்து கொட்டுகிறது, எங்கள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்றார்கள். அரசாங்கம் ஒரு குழு போட்டது. ஆற்றிலிருந்து வருகிற பிளாஸ்டிக் இந்தக் கரைக்கு வருகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்கள் மேடத்திடம் வந்தது.

மிதவை விடுகிற பொறுப்பு என்னுடையது. அப்போது செயற்கைக்கோள் மிதவை வாங்க வசதி கிடையாது. பழைய முறைதான். காலித் தண்ணீர் பாட்டிலுக்குள் ஒரு சீட்டு. சீட்டில் வரிசை எண்ணும் என் கைப்பேசி எண்ணும், 'இதைக் கண்டெடுத்தவர் தயவுசெய்து அழைக்கவும்' என்ற வரியும். குப்பையைத் தேடுகிற நாமே கடலில் குப்பை போடுவதா என்று மேடத்துக்கு வருத்தம். அதனால் அந்தக் கடற்கரையில் பொறுக்கிய பாட்டில்களையே எடுத்துக்கொண்டோம். நூற்றிருபது பாட்டில். ஒவ்வொன்றையும் கழுவி, தலைகீழாக வெயிலில் வைத்து, உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்தேன். மூடியை இறுக்கி, மேலே மெழுகு ஊற்றினேன். இறுக்கி இறுக்கி உள்ளங்கை சிவந்துபோனது. முடித்துவிட்டுப் பாட்டில்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு பெருமை! தண்ணீர் புகாத மிதவை என்றால் இதுதான் என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு புயல் சின்னம் வடக்கே ஆந்திரப் பக்கம் போய்க் கரை கடந்தது. மேற்கே ஆறு வருகிற பக்கம் நல்ல மழை. ஆற்றில் செந்நிறத் தண்ணீர் இரு கரையும் தொட்டு வந்தது. பிளாஸ்டிக் அடித்துக்கொண்டு வருவது அந்த மாதிரி நாளில்தான். முகத்துவாரத்துக்குச் சற்று மேலே கரையில் நின்று, ஐந்து நிமிடத்துக்கு நான்கு பாட்டில் வீதம் விட்டேன். துள்ளித் துள்ளி ஓடின.

மறுநாளிலிருந்து அழைப்புகள்! "சார், உங்க பாட்டில் எங்க ஊர்ல ஒதுங்கியிருக்கு." "பரிசு ஏதாவது உண்டா சார்?" ஒருவர் சீட்டைப் படிக்கத் தெரியாமல், யாரோ கடலில் மாட்டிக்கொண்டு உதவி கேட்கிறார்கள் என்று நினைத்துப் பதறிப்போய் அழைத்தார். எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு உற்சாகம். வரைபடத்தில் குண்டூசி குத்திக்கொண்டே போனேன். ஒரு வாரத்தில் முப்பத்தொரு குண்டூசி. முப்பத்தொன்றும் முகத்துவாரத்துக்கு வடக்கே. தெற்கே ஒன்றுகூட இல்லை. குப்பம் இருப்பது தெற்கே.

மேடம் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "எல்லா பாட்டிலும் ஒரே மாதிரி தயார் பண்ணினீங்களா?"

"ஒரு சொட்டு ஈரம் கிடையாது மேடம்."

"சரி" என்று எழுத ஆரம்பித்தார். ஆற்றிலிருந்து வந்த மிதவைகள் குப்பத்துக் கரைக்கு வரவில்லை என்று அறிக்கை தயாரானது. அதைப் படிக்கிற யாரும், அப்படியானால் குப்பத்துக் கரையில் கிடப்பது குப்பத்துக்காரர்களுடையது என்றுதான் சொல்வார்கள். குழுவிடம் கொடுக்க ஒன்பது நாள் இருந்தது. கடைசியாக ஒருமுறை கரையைக் கணக்கெடுத்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்.

நான் போனபோது வலை கரைக்கு வந்துகொண்டிருந்தது. கரைவலையில் பங்குக்காரர்கள் பல பேர் இருந்தாலும் அங்கே பேச்சு சிவகாமியுடையதுதான். ஐம்பது வயதிருக்கும். கணவர் போன பிறகு அவர் பங்கைத் தானே எடுத்து நடத்துகிறவர். கயிறு இழுக்கிற ஆண்களைவிடச் சத்தமாகக் கத்துவார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. அறிக்கையில் என்ன இருக்கிறது என்று எப்படியோ காதுக்கு எட்டியிருக்கிறது.

வலையின் மடி கரையேறியது. மீன் சேருகிற பை அது. கொஞ்சம் நெத்திலி, கொஞ்சம் காரப்பொடி, மீதியெல்லாம் பிளாஸ்டிக். சிவகாமி அதிலிருந்து ஈரமான ஒரு பெரிய சுருளை இழுத்து உருவி, என் காலடியில் வீசினார்.

"இந்தா சார், எங்க குப்பை. எண்ணி எழுதிக்கோ. வடக்கால போன பாட்டில எண்ணுனல்ல, இதையும் எண்ணு."

எனக்கும் கோபம்தான். ஆனால் கை பழக்கதோஷத்தில் சுருளைப் பிரித்தது. பெயர் எழுத வேண்டுமே. மேலே வெள்ளி நிறம். திருப்பினால் கருப்பு. ஏதோ கப்பல் தார்ப்பாய் என்று எழுதப் போனேன். அப்போதுதான் ஓட்டைகளைப் பார்த்தேன். இரண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று மாற்றி மாற்றி, ஒரே இடைவெளியில் வட்ட ஓட்டைகள். ஓட்டையின் ஓரம் உருகிச் சுருண்டிருந்தது. கத்தியால் வெட்டியதில்லை. தகர டப்பாவை நெருப்பில் காய்ச்சி அழுத்திப் போட்ட ஓட்டை.

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். தார்ப்பாயா இது? எங்கள் ஊரில் தக்காளி நடும்போது பாத்திமேல் விரிக்கிற ஷீட் அல்லவா! களை முளைக்காமல், ஈரம் காயாமல் இருக்க விரிப்பது. விடுமுறைக்குப் போனால் நானே அண்ணனோடு குனிந்து, டப்பாவைக் காய்ச்சி ஓட்டை போட்டிருக்கிறேன்.

படம் எடுத்து அண்ணன் முனியப்பனுக்கு அனுப்பிவிட்டு உடனே அழைத்தேன்.

"அண்ணா, இது என்னன்னு பாத்துச் சொல்லு."

"இதென்னடா கேள்வி? மல்ச்சிங் ஷீட்டு. எதுக்கு சேறும் சகதியுமா எடுத்து வெச்சிருக்கற? நம்ம வூட்டுக்கு மேக்கால ஓடையில கெடக்கறதாட்டமே இருக்குது."

"ஓடையில எதுக்குண்ணா கெடக்குது?"

"பின்ன, காய் பறிச்சு முடிஞ்சா உருவி ஓரமாப் போட்டுருவோம். மழ வந்தா ஆத்தோட போயிருது. எல்லாரும் அப்படித்தான்டா பண்றாங்க. நீ எங்கீருந்து பேசற?"

"கடலோரத்துல இருந்துண்ணா" என்றேன். ஸ்பீக்கரில் வந்த அண்ணன் குரலைச் சிவகாமியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தக் குப்பத்தில் தக்காளித் தோட்டம் ஏது? மணலில் அடம்பங்கொடிதான் முளைக்கும். எங்கள் பக்கத்து ஓடைத் தண்ணீரும் கடைசியில் தென்பெண்ணையில்தான் சேர்கிறது. ஆகவே இந்த ஷீட் வயல்காட்டிலிருந்து ஆற்றோடு வந்தது. அது தெற்கே வந்திருக்கிறது. அப்படியானால் என் பாட்டில்கள் ஏன் வடக்கே போயின? 

"அக்கா, ஒரு பெரிய தொட்டி வேணும். தண்ணியோட" என்றேன்.

சிவகாமி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மீன் கழுவுகிற நீலத் தொட்டியைக் காட்டினார். கடல் தண்ணீர் நிரப்பினேன். பையிலிருந்த மிச்சப் பாட்டிலைப் போட்டேன். முக்கால்வாசி வெளியே தெரிகிற மாதிரி மேலே நின்றது. ஷீட்டில் ஒரு துண்டு கிழித்துப் போட்டேன். அது சேறு படிந்த ஷீட். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறங்கித் தொங்கியது. பிறகு குனிந்து வாயால் ஊதினேன். பாட்டில் ஓடிப்போய் மறுபக்கம் முட்டியது. ஷீட் நின்ற இடத்திலேயே நின்றது.

சிவகாமியும் குனிந்து ஒரு ஊது ஊதினார். மறுபடியும் பாட்டில்தான் ஓடியது. இரண்டு பேரும் தொட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஊதுவதைப் பார்த்து ஊரே கூடிவிட்டது.

"பாட்டிலு காத்துக்குப் போவுது சார். தண்ணிக்குப் போவல. அன்னிக்குக் காத்து தெக்கால இருந்து வடக்கால அடிச்சுது. புயல் வடக்கால ஏறுனா அப்படித்தான் அடிக்கும். ஆனா ஐப்பசியில தண்ணி வடக்கால இருந்து தெக்கால இல்ல ஓடும்? மேல ஒண்ணு போவும், அடியில ஒண்ணு போவும். வல போடுறவளுக்குத் தெரியாதா இது? எங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்தேனே, மூடியை இறுக்கி இறுக்கிக் கை சிவந்தேனே, அந்தச் சுத்தம்தான் என்னைக் கவிழ்த்தது. ஆற்றில் வருகிற பிளாஸ்டிக் சேறு குடித்து, தண்ணீர் ரொம்பி, கனத்துத் தாழ்ந்து வருகிறது. நான் விட்டதோ காற்று மிதவை. ரேவதி காட்டிய பாவாடை மாதிரி, கீழே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அதோடு போக அதற்கு எதுவும் இல்லை. ஆற்றுப் பிளாஸ்டிக் எங்கே போகிறது என்று கேட்டதற்கு, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று பதில் எழுதி வைத்திருக்கிறேன்.

வெட்கம் ஒரு பக்கம். சந்தோஷம் மறுபக்கம் துள்ளியது, அதை மறைக்க மாட்டேன். கண்டுபிடித்துவிட்டேனே! ஷீட்டைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் நாற்றம் தாங்காமல் எழுந்து போனார். நான் இரண்டு இருக்கையிலும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

மேடத்தின் மேசைமேல் ஷீட்டை விரித்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். என் தப்பையும் சொன்னேன். பென்சில் கீழே போனது.

"இது தர்மபுரி ஷீட்னு எதை வெச்சுச் சொல்றீங்க?"

"ஓட்டையை வெச்சு மேடம்."

"கீழே விழுப்புரம், கடலூர் பக்கம் தோட்டத்துலயும் இதே ஷீட் விரிப்பாங்க. நடுவுல அணை வேற இருக்கு."

யோசித்தேன். "சரிங்க மேடம். தர்மபுரின்னு சொல்ல முடியாது. வயல்ல இருந்து ஆத்து வழியா வந்ததுன்னு சொல்லலாம்."

"அதையும் சொல்ல முடியாது. வந்திருக்கலாம்னு சொல்லலாம். வருதுன்னு சொல்லணும்னா மறுபடியும் மிதக்க விட்டுப் பாக்கணும்." தயாராக இருந்த அறிக்கையை எடுத்தார். முதல் பக்கத்தில் மூலையிலிருந்து மூலைக்கு ஒரே கோடு இழுத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பாட்டில் உங்களோடது. சரின்னு கையெழுத்துப் போட்டது நான்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

குழுவிடம் மூன்று வாரம் அவகாசம் வாங்கினார். அது லேசில் கிடைக்கவில்லை. முதல் அறிக்கையையே கொடுங்கள் போதும் என்று இரண்டு பேர் தொலைபேசியில் நெருக்கினார்கள். மேடம் அவர்களிடமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்.

இந்த முறை அறுபது பாட்டில் முன்பு போலவே காற்றோடு. இன்னொரு அறுபதில் மணல். எவ்வளவு மணல்? ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் கடல் தண்ணீர் ஊற்றி, தேக்கரண்டியால் ஒவ்வொரு கரண்டியாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு கரண்டி குறைந்தால் தோள் வெளியே தெரிகிறது. ஒரு கரண்டி கூடினால் மூழ்கிவிடுகிறது. மூடி மட்டும் தெரிகிற அளவுக்குக் கொண்டுவர ஒரு பாட்டிலுக்குக் கால் மணி நேரம். காற்றுப் பாட்டிலுக்கு வெள்ளை மூடி, மணல் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி. கூடவே கரையில் பொறுக்கிய ஷீட்டையே முழ நீளத் துண்டுகளாக இருபது வெட்டி, கம்பியைக் காய்ச்சி எண் பொறித்தேன். அந்த வேலையை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

பிறகு காத்திருந்தோம். பதினைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. வானம் பளிச்சென்று கிடந்தது. அவகாசம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது வங்கக் கடலில் இன்னொரு புயல் சின்னம் கிளம்பி, அதுவும் வடக்கே போனது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டை இறக்கிய அன்று காலை, நானும் மேடமும் குப்பத்துக்கு ஓடினோம். ஆறு செக்கச்செவேலென்று வந்துகொண்டிருந்தது. காற்று தெற்கிலிருந்து. அன்றைக்கு அடித்தது போலவே.

சிவகாமியின் கொழுந்தன் ஃபைபர் படகை எடுத்தார். முகத்துவாரத்துக்கு வெளியே சிவப்புத் தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சேருகிற கோட்டில் படகு தூக்கித் தூக்கிப் போட்டது. பல வருடம் கழித்து எனக்கு வாந்தி வந்தது. எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, மூடி மூடியாகப் பார்த்து இரண்டு வகையையும் ஒரே இடத்தில் கொட்டினேன். ஷீட் துண்டுகளையும் விட்டேன். என்ஜினை நிறுத்தச் சொன்னார் மேடம்.

முதலில் எல்லாம் ஒன்றாகத்தான் கிடந்தன.  இதுவும் தப்பா? கால் மணி நேரம் போயிருக்கும். வெள்ளை மூடிகள் மெல்ல விலகின. அலைக்கு மேலே ஏறி ஏறி வடக்கே நகர்ந்தன. சிவப்பு மூடிகள் நின்ற இடத்திலேயே இருப்பது போலத் தெரிந்தன. மேடம் கரையில் ஒரு பனைமரத்தைக் குறி வைத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தால், நாங்களும் சிவப்பு மூடிகளும் சேர்ந்து தெற்கே போய்க்கொண்டிருக்கிறோம்! அரை மணியில் வெள்ளை ஒரு கூட்டம், சிவப்பு ஒரு கூட்டம், நடுவில் வெறும் தண்ணீர். ஒரே ஆற்றுத் தண்ணீரில் ஒரே நேரத்தில் விழுந்தவை, எங்கள் கண் முன்னால் தாயும் பிள்ளையும் வேறு வேறு வழி போவதுபோலப் பிரிந்தன. நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. திரும்பிப் பார்த்தால் மேடமும் படகில் எழுந்து நின்றுகொண்டிருக்கிறார். "உக்காருங்கம்மா, படகு கவுந்துரும்" என்று கொழுந்தன் அதட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை வலையில் நான்கு சிவப்பு மூடி. அடுத்த நாள் ஒன்பது. ஷீட் துண்டில் ஏழாம் எண், பன்னிரண்டாம் எண். வெள்ளை மூடி ஒன்றுகூட இல்லை. அவற்றுக்கான அழைப்புகள் வடக்கேயிருந்து வந்தன.

குழு இரண்டு ஜீப்பில் கடற்கரைக்கே வந்தது. மேடம் நின்றபடியே சொன்னார். கரையில் கிடப்பதில் ஊர்க்காரர்கள் போட்டதும் இருக்கிறது, அதைத் தனியாக எண்ணி எழுதியிருக்கிறோம். ஆனால் வெள்ளம் வருகிற நாட்களில் ஆற்றில் தாழ்ந்து வருகிற பிளாஸ்டிக் இந்தக் கரைக்கு வருகிறது. அவ்வளவுதான் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பூட்ஸ் போட்ட ஒரு அதிகாரி அறிக்கையைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "முதல் சோதனையில வடக்கே போச்சுன்னு சொன்னீங்களாமே. இப்ப தெற்கேங்கிறீங்க. எது உண்மை?"

மேடம் என்னைப் பார்த்தார். ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. சிவகாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"முதல்ல விட்டது என் தப்புங்க ஐயா. காத்து அடைச்ச பாட்டிலா விட்டுட்டேன். நான் சொல்றத நம்ப வேண்டாங்க. கொஞ்சம் இப்படி வாங்க" என்று நீலத் தொட்டியிடம் கூட்டிப் போனேன். வெள்ளை மூடி ஒன்று, சிவப்பு மூடி ஒன்று, ஷீட் ஒன்று போட்டேன். "குனிஞ்சு ஒரு ஊது ஊதிப் பாருங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். ஜீப்பில் வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். என்ன நினைத்தாரோ, கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுக் குனிந்தார். ஊதினார். வெள்ளை மூடி ஓடியது. இன்னொரு முறை ஊதினார். இப்போது கன்னம் உப்ப ஊதினார். அப்புறம் நிமிர்ந்து, அறிக்கையில் எதையோ எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வலை இழுக்கிற கரை வலைக்கே இருக்கும். பூங்காவுக்கு வேறு இடம் பார்க்கிறார்கள். மேடம் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க மாதையன்." அன்றைக்கு எண்ணுகிற வேலை ஒன்றுமில்லாமலே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் ஓட்டமும் நடையுமாகப் போனால், அங்கே அவர்களுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. யாரும் கொண்டாடிக்கொண்டிருக்கவில்லை. வலை கடலுக்குள் கிடந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தார்கள். நான் கடிதத்தை உயர்த்திக் காட்டிக்கொண்டே நடந்தேன். சிவகாமி ஒரு பார்வை பார்த்துவிட்டு, வரிசையில் தன் முன்னால் ஓர் ஆள் அளவு இடம் விட்டு, கயிற்றைச் சுட்டினார்.

"காயிதத்த அப்புறம் படிக்கலாம். பிடி சார். வர்றதுல பாதி உங்க ஊரு சரக்குதானே."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பிடித்தேன். வலை ரொம்பக் கனமாக இருந்தது.